ராணுவம் பூட்டித் தரும் பெய்லி பாலம்: நட்டால் ஆறுகளுக்கு ஒத்து வருமா?

துண்டு துண்டாகக் கோர்த்துப் பூட்டும் இரும்புப் பாலமான பெய்லிக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண். அதைப் பூட்டித் தரும் ராணுவப் பொறியாளர்களுக்கு நாலு. பூட்டி முடித்த மறுநாளிலிருந்து அதை யார் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாட்டுக்கு இரண்டு, அதுவும் கொஞ்சம் தாராளமாகப் போட்டால். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் டொங்காட், வெருலம், ஸ்டேங்கர், உம்சின்டோ பக்கம் வார்டு கமிட்டியிலோ கோயில் நிர்வாகத்திலோ கரும்பு விவசாயிகள் சங்கத்திலோ இருந்துகொண்டு, "எங்கள் ஆற்றுக்கும் ஒரு பாலம் வேண்டும்" என்று மனு எழுதப் போகிறவர்களுக்காக இந்த மதிப்புரை.

2022 ஏப்ரல் 11, 12-இல் கொட்டிய மழையில் குவாசுலு-நட்டாலில் 400-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சாலை, பாலம், தண்ணீர்க் குழாய் எல்லாம் சேர்ந்தே போயின. அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2021 ஜூலைக் கலவரத்தின்போது, இதே மாகாணத்துக்கு ராணுவம் துப்பாக்கியோடு வந்திருந்தது. அது போலீசுக்குத் துணையாக வந்த ஆபரேஷன் பிராஸ்பர். ஏப்ரலில் வந்தது ஆபரேஷன் சாரியட்: தண்ணீர் சுத்திகரிக்கிறவர்கள், பிளம்பர், எலெக்ட்ரீஷியன், பாலம் போடுகிறவர்கள். சீருடை ஒன்று, வேலை வேறு. டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ் மாதிரி இடங்களில் அந்த ஜூலைக் கலவரம் இன்னும் ஆறாத புண். வேலையிடத்தில் ரைஃபிள் கண்ணில் படாமல் வைத்திருக்கும் அதிகாரி அமைந்தால், ஊர்க்காரர்களே வந்து பாதை காட்டுவார்கள்.

ராணுவத்தை இப்படிச் சிவில் வேலைக்குக் கூப்பிட 2002-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இடம் தருகிறது. உயிரையும் உடைமையையும் காக்க, அத்தியாவசியச் சேவை நடக்க, எந்த அரசுத் துறைக்கும் துணை நிற்க என்று அது அடுக்குகிறது. சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்கான துணையும் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. வெலிசிஸ்வே கிராமப் பாலத் திட்டம் இப்படிப்பட்ட கூட்டு வேலைதான். பொதுப்பணி, கட்டமைப்புத் துறையும் மாகாணப் போக்குவரத்துத் துறையும் ஒரு பக்கம். பூட்டுகிற கை ராணுவப் பொறியாளர் பிரிவு. ஆகவே ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துப் பெத்லகேமில் இருக்கும் பொறியாளர் ரெஜிமென்டுக்கு நேரே கடிதம் எழுதிப் பயனில்லை. மனு சாலைக்குச் சொந்தக்காரரிடமிருந்து மேலே போக வேண்டும்.

சொந்தக்காரர் யார் என்பதைச் சாலை எண்ணின் முதல் எழுத்து சொல்லிவிடும். பி, டி, எல் என்று தொடங்கினால் மாகாணப் போக்குவரத்துத் துறை. எழுத்தே இல்லாவிட்டால் பெரும்பாலும் நகராட்சி. இரண்டிலும் சேராத கரும்புத் தோட்டப் பாதை என்றால் தனியார். அங்கே இந்தச் சேவையை எதிர்பார்க்காதீர்கள். நிலம் சூலு மன்னரின் பொறுப்பில் உள்ள இங்கோன்யாமா டிரஸ்ட்டின் கீழ் இருந்தால் அந்த ஊர் இந்துனாவின் (ஊர்த்தலைவரின்) சம்மதம் முதல் நாளே கையில் இருக்க வேண்டும். லாரி வந்து நின்றபிறகு தேடினால் லாரி திரும்பிவிடும்.

இனி பொருளைப் பார்ப்போம். பெய்லி பாலம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஆங்கிலேயக் கண்டுபிடிப்பு. அதன் அடிப்படைத் துண்டு பேனல்: 10 அடி நீளம், 5 அடி சொச்சம் உயரம், ஏறக்குறைய 260 கிலோ எடை. ஆறு பேர் தூக்குகோல் போட்டுத் தூக்கிவிடலாம். இரண்டு பேனலை நீளவாக்கில் சேர்க்க மேலே ஒரு பின், கீழே ஒரு பின். குறுக்கே போகும் உத்திரம் டிரான்சம். அதைத் தூக்க எட்டுப் பேர். அதன்மேல் நீளவாக்கில் போகும் ஸ்ட்ரிங்கர், அதன்மேல் பலகை அல்லது இரும்புத் தளம். கிரேன் தேவையில்லை, வெல்டிங் தேவையில்லை. ஸ்பேனர், சுத்தி, ஜாக்கி, ஆட்கள் போதும்.

30 மீட்டர் ஆற்றுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேனல் நீளத்துக்கு ஒன்றாகப் பத்துக் கட்டம். பக்கத்துக்கு ஒரு வரிசை, ஓரடுக்கு என்று வைத்தால் 20 பேனல், கட்டத்துக்கு இரண்டும் கடைசிக்கு ஒன்றுமாக 21 டிரான்சம், பேனல் இணைப்புகளுக்கு 36 பின், நாலு முனைத்தூணுக்கு 8 பின். ஆக 44. பேனல் மட்டும் 5 டன்னுக்கு மேல். இந்த எண்ணிக்கையை நினைவில் வையுங்கள், ஒப்படைப்பின்போது தேவைப்படும்.

வேகத்தைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். வயநாட்டுச் சூரல்மலையில் 2024 ஜூலை 31-இல் தொடங்கி ஆகஸ்ட் 1 மாலைக்குள் 190 அடி நீளத்தில், 24 டன் தாங்கும் பாலத்தை மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு போட்டு முடித்ததைத் தமிழர் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அது பேரிடர் வேகம். இங்கே கிராமப் பாலத்தில் பூட்டும் வேலை சில நாள்தான். அதற்கு முன்னால் கான்கிரீட்டும் காகிதமும் மாதக்கணக்கில் ஓடும்.

பூட்டும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், கோளாறு எல்லாம் அங்கேதான் பிறக்கிறது. ஆற்றங்கரையில் முதலில் ஆடும் ரோலர்களை வைக்கிறார்கள், அவற்றுக்குப் பின்னால் சாதா ரோலர்கள். பாலத்தை இக்கரையிலேயே கோர்த்து, ரோலர்மேல் அக்கரைக்குத் தள்ளுவதுதான் முறை. முன்பாகத்தில் தளமில்லாத, வெறும் எலும்புக்கூடான "மூக்கு" ஒன்றைக் கோர்ப்பார்கள். நூறடிப் பாலத்துக்கு ஐம்பது அறுபது அடி மூக்கு வேண்டியிருக்கும். மூக்கு அக்கரை ரோலரில் உட்காரும்வரை எடையின் நடுப்புள்ளி இக்கரை ரோலருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். அது முன்னால் நகர்ந்தால் பாலம் ஆற்றுக்குள் தலைகுப்புற. மூக்கின் நுனி தன் எடையாலேயே தொங்கும். அதைச் சரிக்கட்ட அடிப்பக்கம் ஓர் இணைப்புத் துண்டைச் செருகி மூக்கை மேலே தூக்கிவைப்பார்கள். அக்கரை சேர்ந்ததும் மூக்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்கி, ரோலரை உருவிவிட்டுத் தாங்குதட்டின்மேல் இறக்குவார்கள்.

இதில் பொதுவாகத் தப்பாகப் போவது மூன்று இடத்தில். இடவல ரோலர்கள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் பாலம் தள்ளத் தள்ள ஒரு பக்கமாக ஒதுங்கும். பாதியில் திருப்புவது பெரும்பாடு. தரை மட்டமாக இல்லாவிட்டால் பேனல் துளைகள் ஒன்றுக்கொன்று நேர்வராது. அப்போது பின்னைச் சம்மட்டியால் அடித்து இறக்கும் ஆசை வரும். அடித்தால் துளையின் விளிம்பு நசுங்கும், அடுத்த தடவை கழற்ற முடியாது. ஜாக்கி வைத்துப் பேனலைத்தான் நகர்த்த வேண்டும், பின்னை அல்ல. மூன்றாவது, பின்னின் நுனியில் செருகும் சின்னக் காப்பு ஊசி. கையளவு சாமான், மறந்தால் வண்டி அதிர்விலேயே பின் மெல்ல மெல்ல வெளியே நடக்கும். பின்னின் தலையில் ஒரு கோடு வெட்டியிருக்கும். காப்பு ஊசித் துளை எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அந்தக் கோடு காட்டும். டார்ச் அடித்துக்கொண்டு 44 பின்னையும் ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகாது.

குறுக்குக் கட்டுக் கம்பிகளையும் சாய்வுத் தாங்கிகளையும் ஒரு கட்டம் முழுதும் கோர்த்து முடியும்வரை தளர்வாகவே விடுவதுதான் சரி. பார்க்கிறவர்களுக்கு அசட்டையாகத் தோன்றும், அசட்டை இல்லை. ஆனால் முதல் வண்டிகள் ஓடியபிறகு எல்லாப் போல்ட்டையும் திரும்ப முடுக்க வேண்டும். அந்த இரண்டாம் முடுக்கத்துக்குள் ராணுவம் கிளம்பிவிடுகிறது. மதிப்பெண் குறைந்தது இங்கேதான்.

சுமை விஷயத்தில் நம் வட்டாரத்துக்கென்று ஒரு தலைவலி உண்டு. பெய்லியின் தாங்குதிறன் நீளத்தோடு சேர்ந்து சரியும். அமெரிக்க எம்2 வகையின் பழைய அட்டவணைப்படி, பக்கத்துக்கு ஒரு வரிசை ஓரடுக்குப் பாலம் 30 அடி நீளத்தில் 30-ஆம் வகுப்பு. அதே அமைப்பை 100 அடிக்கு நீட்டினால் 8-ஆம் வகுப்பு. வகுப்பு எண்ணை ஏறக்குறைய டன் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த நாட்டுச் சாலைச் சட்டமோ ஒரு தொடர்லாரிக்கு 56 டன்வரை அனுமதிக்கிறது, கரும்பு ஏற்றிப் போகும் லாரிகள் அந்த எல்லையை ஒட்டியே ஓடுகின்றன. வெட்டுக் காலத்தில் மில் வாசலில் வரிசை நீளும்போது, சுற்றுவழியை மிச்சம்பிடிக்க ஓட்டுநர் எந்தப் பாலத்திலும் ஏற்றிவிடுவார். பலகையில் எழுதிய எண் அவரைத் தடுக்காது. இரு பக்கமும் உயரத் தடுப்புக் கம்பி நட வேண்டும், அல்லது பள்ளிக்கூட மினிபஸ்ஸும் பாக்கி என்கிற பிக்கப் வண்டியும் மட்டும் நுழையும் அகலத்தில் கான்கிரீட் முளைகள் நட வேண்டும். ஆம்புலன்ஸின் அகலத்தை அளந்துவிட்டு நடுங்கள்.

கனவண்டி போகத்தான் வேண்டும் என்றால் பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிசை, ஈரடுக்கு என்று கேட்டு வாங்கலாம். பெய்லியின் பெருமையே அந்த நெகிழ்வுதான். ஆனால் பேனல் எண்ணிக்கை பல மடங்காகும், கரைத்தூணின் அளவும் கூடவே வளரும். புதிய தலைமுறைப் பாலங்களில், உதாரணமாக மேபி காம்பேக்ட் 200-இல், பேனல் உயரம் 2 மீட்டருக்கு மேல். தாங்குதிறனும் அதற்கேற்ப அதிகம். அங்கே கிரேன் இருந்தால் நல்லது.

பேனலைவிட ஆற்றங்கரைதான் அதிகம் தொந்தரவு தரும். நட்டாலின் ஆறுகள் குட்டை, சரிவு அதிகம். மலையில் பெய்தால் சில மணி நேரத்தில் மணலும் மரமும் கரும்புச் சருகும் சேர்ந்து இறங்கும். பெய்லியில் வண்டி இரண்டு பேனல் சுவர்களுக்கு நடுவே ஓடுகிறது, ஆகவே பாலத்தின் மிகத் தாழ்ந்த பாகம் அந்தச் சுவரின் அடிச்சட்டம். மேலிருந்து வரும் சுமைக்குச் சிங்கம். பக்கவாட்டில் ஓர் அடிமரம் வந்து மோதினால் அந்தத் திடம் இல்லை. 2022 வெள்ளக் குறிக்கு ஒரு மீட்டராவது மேலே அடிச்சட்டம் இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கரைத்தூணின் காலைத் தண்ணீர் அரிக்காமல் இருக்கக் கம்பிவலைக் கல்கூடை வேண்டும், அதுவும் மேல்நீர்ப் பக்கத்தில் தூணைத் தாண்டிக் கரைக்குள் திரும்பியதாக. தூணோடு நிறுத்தினால் தண்ணீர் அதன் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

அணுகுசாலை மண்ணை 150 மில்லிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு இறுக்க வேண்டும். டிப்பரில் கொண்டுவந்து ஒரே குவியலாகத் தள்ளினால், முதல் கோடைமழையிலேயே அது இறங்கிப் பாலத்தின் வாயில் ஒரு படி உண்டாகும். ஒவ்வொரு வண்டியும் அந்தப் படியில் இடித்துக்கொண்டு ஏறும். முதலில் தளத்தின் கொக்கிகள் தளரும், பிறகு சாய்தளம் விரியும். பாலம் மோசம் என்று ஊர் பேசும், பழுது மண்ணில் இருக்கும். இந்த மண் வேலை எப்போதும் சிவில் ஒப்பந்தக்காரர் பங்கு, ராணுவத்தினுடையது அல்ல. இரண்டு தரப்புக்கும் எல்லைக்கோடு எங்கே என்று முன்பே எழுதிக்கொள்ளாத இடங்களில் அந்தக் கடைசி ஐந்து மீட்டர் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும்.

காகித வேலையும் சிவில் பங்குதான். ஆற்றின் ஓட்டத்தையோ கரையையோ தொட்டாலே 1998 தேசிய நீர்ச் சட்டத்தின் 21(சி), 21(ஐ) நீர்ப் பயன்பாட்டுப் பிரிவுகள் வரும். ஆற்றிலோ அதன் 32 மீட்டருக்குள்ளோ 100 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டுமானம் என்றால் சுற்றுச்சூழல் அனுமதியும் சேரும். அவசரநிலைக்குத் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் 30ஏ பிரிவில் விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் வெள்ளம் வடிந்து ஒரு வருஷம் கழித்து "அவசரம்" என்று சொன்னால் எந்த அதிகாரியும் ஒப்ப மாட்டார். ராணுவத்துக்குத் தேதி கொடுத்துவிட்டு அனுமதிக்குக் காத்திருப்பதுதான் மிக விலையுள்ள தாமதம். படை வேறு வேலைக்குப் போய்விடும், திரும்ப வரிசையில் நிற்க வேண்டும்.

ராணுவம் செய்வதில் ஒரு லாபத்தைப் பலரும் வெளியே சொல்வதில்லை. இந்த மாகாணத்தில் கட்டட வேலை தொடங்கினாலே "பிசினஸ் ஃபோரம்" என்று ஒரு கூட்டம் வந்து 30 சதவீதம் எங்களுக்கு என்று வேலையை மறிக்கும். சீருடைக்காரர்கள் பூட்டும் இடத்தில் அந்த மறியல் எளிதில் நடக்காது. ஆனால் கரைத்தூண் கட்டும் சிவில் ஒப்பந்தக்காரருக்கு அந்தக் காப்பு கிடையாது. பல இடத்தில் பேனல் வந்து காத்திருக்க, தூண் பாதியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போருக்குப் பிந்திய நாடுகளில் இதே கூட்டுவேலை எப்படி நடந்தது என்பதோடு ஒப்பிட்டால் நம்முடைய குறை இன்னும் தெளிவாகத் தெரியும். போஸ்னியாவில் 1996-இல் நேட்டோ தலைமையிலான படை 60-க்கு மேற்பட்ட பாலங்களைச் சரிசெய்தோ திரும்பக் கட்டியோ கொடுத்தது. படை தன் கனவண்டிகளுக்காகத்தான் போட்டது. ஊர்ச்சந்தைக்கும் அது பயன்பட்டது. பக்கத்து மொசாம்பிக்கில் 1992 அக்டோபரில் ரோமில் சமாதான ஒப்பந்தம் ஆனபின், பாலத்தைத் தொடுவதற்கு முன்னால் கண்ணிவெடியைத் தேட வேண்டியிருந்தது. பாலமும் அதன் அணுகுசாலையும்தான் வெடி புதைக்க எவருக்கும் முதலில் தோன்றும் இடம். அந்த நாடு கண்ணிவெடி இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது 2015-இல். வெடி அகற்றல், அளவை, தூண், பாலம் என்ற வரிசையில் ஒன்று தவறினாலும் உயிர் போகும் என்பதால், யார் எதற்குப் பொறுப்பு என்பதை அங்கே தள்ளிப்போட முடியாது. இங்கே கண்ணிவெடி இல்லை, அதனாலேயே பொறுப்புப் பிரிப்பு நழுவிவிடுகிறது. இன்னொன்று: ராணுவத்தின் சொந்தக் கிடங்கிலிருந்து வரும் பாலத்தை அது ஒருநாள் திரும்பக் கேட்கும். பொதுப்பணித் துறை பணத்தில் வாங்கியது என்றால் அப்படிக் கேட்காது. உங்கள் பாலம் எந்த ரகம் என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்னால் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒப்படைப்பில் கேட்க வேண்டியது அதிகமில்லை. பாலம் யாருடைய சொத்துப் பதிவேட்டில் ஏறுகிறது என்பதுதான் பெரிய கேள்வி. நகராட்சிச் சாலையாக இருந்து, பதிவேட்டில் ஏறாவிட்டால் பராமரிப்புக்குப் பட்ஜெட்டில் ஒரு ராண்டும் ஒதுங்காது. அடுத்து, உதிரிப் பெட்டி: பின், காப்பு ஊசி, டிரான்சம் பிடிப்பான், போல்ட்டு, இரண்டு அளவு ஸ்பேனர். இந்த ஊரில் பழைய இரும்புக்கு விலை இருக்கும்வரை போல்ட்டு காணாமல் போகும். எளிதில் எட்டும் போல்ட்டுகளின் மரையை நசுக்கிவிடுவதும், கைக்கெட்டும் இடத்தில் மரப்பலகைக்குப் பதில் இரும்புத் தளம் கேட்பதும் நல்லது. பலகை என்றால் அடுப்புக்குப் போய்விடும். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருந்தால் துத்தநாகப் பூச்சு மட்டுமே வாங்குங்கள். பெயின்ட் அடித்த பேனல் உப்புக்காற்றில் பின் துளையிலிருந்துதான் துருப்பிடிக்கத் தொடங்கும், வெளியே பார்த்தால் தெரியாது. கையெழுத்தாகும் நாளில் சாலை டிப்போவின் ஃபோர்மேனைக் கட்டாயம் வரவழையுங்கள். பொறியாளர் படையின் சார்ஜென்ட் அவருடன் ஒருமுறை பாலத்தின் அடியில் நடந்து பின் எண்ணிக் காட்டட்டும்.

மாற்று உண்டா? நடந்து போகும் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் கம்பித் தொங்குபாலம் மலிவு, வெள்ளத்துக்கு மேலே உயர்த்தவும் எளிது. ஓடை பத்து மீட்டருக்குள் என்றால் கான்கிரீட் பெட்டி மதகு போதும், பராமரிப்பு குறைவு. ஆனால் மரம் அடைத்துக்கொள்ளும் ஆறாக இருந்தால் அதைப் போடாதீர்கள். 20 முதல் 40 மீட்டர் வரை, இரு கரையிலும் கெட்டித் தரை, லேசான வண்டி என்றால் பெய்லிக்கு இணையில்லை.

மழை குறைந்த மே முதல் ஆகஸ்ட் வரைதான் தூண் கட்ட நல்ல காலம். அதற்கு முந்தைய ஆண்டே மனு உள்ளே போயிருக்க வேண்டும். மனுவில் சாலை எண், ஜிபிஎஸ் புள்ளி, இரு கரைக்கும் இடையே நாடாவால் அளந்த தூரம், வெள்ளக் குறி தெரியும் படம், அந்த வழியே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை, பாலம் இல்லாவிட்டால் சுற்ற வேண்டிய கிலோமீட்டர் ஆகியவை இருந்தால் போதும். கவுன்சிலரோடு எடுத்த படம் வேண்டாம்.